முள் காட்டும் வேகம் சரியா?

பஸ்ஸில் டிரைவருக்கு எதிரே வட்டமான மீட்டர் ஒன்று இருக்கும். அதன் முள் 60-ல் நிற்கிறது. வண்டி உண்மையில் 60 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறதா?

மீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்குதான் தெரியும். டயர் தேய்ந்தால் அதன் சுற்றளவு குறையும். அதே தூரத்தைக் கடக்கச் சக்கரம் அதிகம் சுற்றும். முள் வேகத்தைக் கூட்டிக் காட்டும். இதனால் பயமில்லை. கம்பெனி பொருத்தியதைவிடப் பெரிய டயரை மாட்டினால்தான் வம்பு. முள் 60 காட்டும். வண்டி அதற்கு மேல் ஓடும்.

இதைச் சரிபார்க்க ஒரு கடிகாரம் போதும். நெடுஞ்சாலை ஓரம் கிலோமீட்டர் கற்கள் உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் கல்லின் தலை மஞ்சள். மாநில நெடுஞ்சாலையில் பச்சை. டிரைவர் முள்ளை அசையவிடாமல் ஓட்ட வேண்டும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும். (டிரைவரே கடிகாரத்தைப் பார்த்தால் அடுத்து ஆஸ்பத்திரிதான் வரும்!) 3600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 72 விநாடி என்றால் வேகம் 50. 60 விநாடி என்றால் 60. 45 விநாடி என்றால் 80. சில கற்கள் இடம் தள்ளி நடப்பட்டிருக்கும். எனவே ஐந்தாறு கற்களுக்குப் பார்ப்பது நல்லது.

போலீசாரின் ரேடார் கருவி டயரைப் பார்ப்பதில்லை. அது அனுப்பும் அலை வண்டியில் பட்டுத் திரும்புகிறது. எதிரே வரும் வண்டியில் பட்ட அலை நெருக்கமாகத் திரும்பும். அந்த நெருக்கத்தை வைத்தே கருவி வேகத்தைச் சொல்கிறது. "என் மீட்டரில் 58தானே இருந்தது" என்றால் செல்லாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு வேகத்தைப் பற்றியது. 2019-ல் இதைத் திருத்தினார்கள். கார் போன்ற வண்டிகளுக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய். லாரி, பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய்.

இதே பிரிவில் டிரைவருக்குப் பாதுகாப்பும் உண்டு. பலருக்கு இது தெரியாது. "இவர் வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது" என்று ஒரே ஒரு சாட்சி சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது. அவர் கருவியால் அளந்து சொல்லியிருக்க வேண்டும்.

வேகமாக ஓட்டச் சொன்ன முதலாளிக்கும் அதே அபராதம் உண்டு. வேக வரம்பைத் தாண்டாமல் போய்ச் சேரவே முடியாத நேரத்தை அவர் குறித்துக் கொடுத்தால், அந்த நேர அட்டவணையே அவருக்கு எதிரான சாட்சி ஆகும்.