அறைக் குளிரூட்டி: செப்பனிடுவதா, புதிது வாங்குவதா?

‘ஏர்-கண்டிஷனிங்’ என்னும் பெயர் நெசவாலைத் தொழிலிற் பிறந்தது. இது நெசவாளராகிய நம்மில் பலர் அறியாத செய்தி. வறண்ட காற்றில் பாவு நூல் அறும். தக்க ஈரம் இருந்தால் இழுவைக்குத் தாங்கும். ஆலைக் காற்றின் ஈரத்தைப் பக்குவம் செய்யும் முறைக்கு 1906-ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் கிராமர் என்னும் அமெரிக்க ஆலைப் பொறியாளர் அப்பெயரை இட்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே வில்லிஸ் காரியர் என்பவர், புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுக்க, குளிர்ந்த குழாய்களின்மீது காற்றைச் செலுத்தும் அமைப்பை வகுத்திருந்தார். நூலுக்கும் காகிதத்துக்கும் என்று தோன்றிய சாதனம் இன்று நமது உறக்கத்துக்கு வந்திருக்கிறது. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்க வேண்டியவர் வீட்டில் அதனை ஆடம்பரம் என்று யாரும் சொல்லார்.

ஆனால் அது நின்றுபோகும் காலம் பெரும்பாலும் கத்திரி வெயிற்காலமே. புழுக்கத்தில் தவிப்பவரிடம் மெக்கானிக் “கம்ப்ரஸர் போயிற்று, புதிது வாங்கிவிடுங்கள்” என்றால், அவர் அன்று மாலையே கடைக்குப் புறப்படுகிறார். நாற்பதாயிரம் ரூபாய்ச் செலவை இவ்வாறு முடிவு செய்தல் தகாது. யந்திரத்தின் எந்த உறுப்புப் பழுதாயிற்று என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அதன் உறுப்புக்கள் நான்கே என்று கொள்ளலாம். வெளியே இருக்கும் கம்ப்ரஸர் வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. அதனருகே உள்ள குழாய்ச் சுருள் அச்சூட்டை வெளிக்காற்றில் விட்டு வாயுவைத் திரவமாக்குகிறது. திரவம் ஒரு நுண்துளை வழியே நெருக்கம் தளர்ந்து, அறைக்குள் இருக்கும் சுருளில் ஆவியாகி, அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பின் மீண்டும் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. இவ்வாயு விளக்கெண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் அதே வாயுதான் ஆண்டுக்கணக்கிற் சுற்றுகிறது. ஆகையால் “வருஷந்தோறும் காஸ் அடைக்க வேண்டும்” என்பது பொய். காஸ் குறைந்தால் எங்கோ ஒழுக்கு உண்டு. ஒழுக்கை அடைக்காமல் காஸ் மட்டும் அடைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதேயாகும்.

இனி, சிறு பழுதுகளைக் காண்போம். வெளிப்பகுதியின் விசிறி சுழன்றும் கம்ப்ரஸர் முனகிவிட்டு அடங்கினால், பல சமயம் குற்றவாளி கபாஸிடர் என்னும் சிறு உருளையே. சில நூறு ரூபாயில் மாற்றலாம். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் தாழும் கிராமங்களில் இது அடிக்கடி நேரும். (அதனை நாமே கழற்றலாகாது, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.) குளிர் குறைவதற்குத் தூசும் பெருங்காரணம். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை போன்ற நெசவூர்களில் தறிப்பஞ்சு வடிகட்டியில் படிந்து போர்வைபோல் மூடிக்கொள்கிறது. செங்கற்சூளைகளின் அருகிலோ வெளிச்சுருளின் தகடுகள் புழுதியால் அடைபட்டுக் கம்ப்ரஸர் மூச்சுத் திணறுகிறது. நல்ல கழுவலே இங்கு மருந்து. இன்வெர்ட்டர் வகையில் மின்சுற்றுப் பலகை கெடுவதுண்டு. அதன் விலை சிறிதன்று. பல்லி உள்ளே புகுந்து அதனைக் கருக்கிவிடுவது நம் பக்கத்தில் வேடிக்கைக் கதையன்று, நடக்கும் காரியம்.

வேறொன்று. யந்திரத்தின் குளிர்த்திறன் வெளியே 35 டிகிரி வெப்பம் இருக்கும்போது அளக்கப்படுவது. திருத்தணிப் பக்கம் 42 டிகிரி காயும் நண்பகலில், தகரக் கூரையின்கீழ் அது தடுமாறினால் பழுது என்று முடிவு கட்டிவிடலாகாது. மாலை தணிந்ததும் குளிர்கிறதா என்று பார்க்க.

பெரும்பழுதுகள் இரண்டு: கம்ப்ரஸர் எரிந்துபோதல், சுருளில் அரிப்பு. பழவேற்காடு, மீஞ்சூர்ப் பக்கத்து உப்புக் காற்று செம்பையும் அலுமினியத்தையும் தின்னும். இணைப்பில் ஒழுக்கு எனில் எளிதில் அடைக்கலாம். சுருளிலேயே ஊசித்துளைகள் தோன்றியிருப்பின் ஒன்றை அடைத்தால் மற்றொன்று திறக்கும். சுருளையே மாற்ற வேண்டிவரும். கம்ப்ரஸர் மாற்றுமுன் உத்தரவாத அட்டையைத் தேடி எடுத்துப் பார்க்க. பல கம்பெனிகள் அதற்கு மட்டும் பத்தாண்டு உத்தரவாதம் தருகின்றன. காஸும் கூலியும் அதில் அடங்குவது அரிது.

அடுத்து, யந்திரத்தின் பக்கத்தில் ஒட்டியுள்ள தகட்டில் என்ன வாயு என்று எழுதியிருக்கும். ஆர்-22 எனில் கவனிக்க வேண்டும். ஓஸோன் படலத்தைக் கெடுக்கும் பொருள்களை ஒழிக்க 1987-இல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா இவ்வகை வாயுவைப் படிப்படியாக விலக்கி வருகிறது. 2024 டிசம்பரோடு புதிய யந்திரங்களில் இதனை இட்டுச் செய்வது நின்றது. 2030 முதல் பழுதுபார்ப்புக்கென ஒரு சிறு பங்கே எஞ்சும். ஆகவே ஆர்-22 யந்திரத்தில் கம்ப்ரஸரோ சுருளோ போயின் அதற்குப் பெருந்தொகை இடுதல் வீண் என்பதே எமது கருத்து. கபாஸிடர் போயிற்றெனில் மாற்றி ஓட்டுக. ஆர்-22-க்கு என்று அமைந்த யந்திரத்தில் ஆர்-32 அடைத்துத் தருகிறேன் என்பாரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். அதன் அழுத்தம் மிக அதிகம், தீப்பற்றும் தன்மையும் உண்டு.

இப்போது கணக்கு. ஒன்றரை டன் பழைய யந்திரம் ஆண்டுக்கு 1,300 யூனிட் கொள்கிறது, புதிய ஐந்து நட்சத்திர யந்திரம் 800 கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 500 யூனிட். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் நிர்ணயித்த வீதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டில் அடுத்த நூறு யூனிட்டுக்கு யூனிட் ஒன்று 8 ரூபாய் 55 காசு. அப்படியில் மிச்சம் 4,275 ரூபாய். நன்றாக ஓடும் யந்திரத்தை, மின்சாரம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் தள்ளி 40,000 ரூபாய்க்குப் புதிது வாங்கினால் முதல் திரும்ப ஒன்பது ஆண்டுக்கு மேலாகும். அது வியாபாரமன்று. ஆனால் பழையதைச் செப்பனிட எப்படியும் 15,000 ஆகுமெனில், கூடுதல் செலவு 25,000 மட்டுமே, ஆறாண்டுக்குள் திரும்பிவிடும். வாங்குவதே முறை. அதே குடும்பம் 500 யூனிட்டுக்குள் அடங்கி, யூனிட் ஐந்து ரூபாய்க்குள் கட்டுவதாயின், மிச்சம் 2,500-க்குள் சுருங்கும், பத்தாண்டும் போதாது. அங்கே செப்பனிடுதலே நலம். சித்திரை, வைகாசி இரவுகளில் மட்டும் ஓட்டுவோர் வீட்டில் 500 யூனிட் மிச்சமே வராது. பகலும் இரவும் ஓடும் ஷிப்டுத் தொழிலாளர் வீட்டில் இதற்கு மேலும் வரும். லேபிளில் அச்சிட்ட ஆண்டுச் செலவு 1,600 மணி நேரத்துக்குக் கணக்கிட்டது. நாம் எத்தனை மணி ஓட்டுகிறோம் என்பதைக் கொண்டு அதனைக் கூட்டியோ குறைத்தோ கொள்க. தவணையில் வாங்குவோர் வட்டியையும் விலையோடு சேர்த்துப் போட வேண்டும். நமது சிக்கன நாணய சங்கத்தில் கடன் பெற்றாலும் வட்டி வட்டியே.

நட்சத்திரங்களை ஒப்பிடும்போது ஆண்டையும் பார்க்க. அளவுகோல் 2018-லும் 2022-லும் உயர்த்தப்பட்டது. 2010-இல் ஐந்து நட்சத்திரம் பெற்றது பின்னாளைய அளவில் ஒன்று பெறுவதும் அரிது. இதற்கிடையே 2025 செப்டம்பர் 22 முதல் குளிரூட்டிகளுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விலையை மனத்தில் வைத்துக் கணக்கிடுவோர் திரும்பப் போட்டுப் பார்ப்பது நன்று. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லை தாண்டிய ஸ்ரீசிட்டியில் டைகின், புளூஸ்டார் ஆகிய கம்பெனிகளின் தொழிற்சாலைகள் 2023-இல் திறக்கப்பட்டன. பக்கத்தில் செய்வதால் நமக்கு விலை குறையும் என்று எண்ணிவிடவேண்டாம்.

செப்பனிடுவதென்று முடிவானால், குழாயில் ஒழுக்குச் சோதனைக்கு நைட்ரஜன்தான் பயன்படுத்த வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுக. ஆக்ஸிஜனை ஏற்றினால் உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். காஸ் அடைக்குமுன் வெற்றிடப் பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். பம்பு கொண்டுவராத மெக்கானிக்கைத் திருப்பி அனுப்புவதிற் கூச்சம் வேண்டாம். பின் காஸைத் தராசில் நிறுத்து, தகட்டில் எழுதிய அளவே அடைக்கச் சொல்லுக. புதிது வாங்குவதாயின், பழைய யந்திரத்தின் குழாயை வெட்டி வாயுவை வெளியே விடாமல், அதனை வெளிப்பகுதிக்குள் இழுத்து அடைத்த பிறகே கழற்றச் செய்து, கடைக்காரரிடமோ பதிவு பெற்ற மின்கழிவு நிலையத்திடமோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்க.