கெண்டைக்கால் கட்டிக்கு நெஞ்சில் எக்ஸ்ரே ஏன்?

குளிர்காலந்தோறும் கெண்டைக்காலில் கட்டிகள் வருகின்றன என்று லண்டன் டூட்டிங் தமிழ்ப் பெண் ஒருவர் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனைக்குப் போனால், மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லலாம். நம் மாநிறத் தோலில் அவை பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது. கன்றிப்போய்க் கருநீலமாக இருக்கும், அழுத்தினால் வலிக்கும், சில உடைந்து புண்ணாகும். 1861-இல் பாரிஸ் மருத்துவர் எர்னெஸ்ட் பாஸான் விவரித்த எரித்தீமா இண்டுரேட்டம் இது.

இதற்குக் காசநோயோடு தொடர்பு உண்டு. ஆனால் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்தால் காசநோய்க் கிருமி பெரும்பாலும் வளராது. அது நுரையீரலிலோ நெறிக்கட்டியிலோ பதுங்கியிருக்கலாம். அதன் துணுக்குகள் ரத்தத்தில் வந்து தோலடிக் கொழுப்பில் தங்க, நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே அளவுமீறித் திரள்கின்றன. வீக்கம் அவற்றின் வேலை. எல்லாக் கட்டிக்கும் காசநோய் காரணமல்ல. அதற்காகவே ரத்தப் பரிசோதனையும். உறுதியானால் களிம்பு போதாது, வழக்கமாக 6 மாத மாத்திரை. இங்கே பிரிட்டனில் அது இலவசம், விசா எதுவானாலும்.