கோணல் கூடத்தில் சீன மனை சாஸ்திரம்

ஹாங்காங்கில் 1980, 1990-ஆம் ஆண்டுகளை ஒட்டி எழும்பிய அடுக்குமாடிக் கட்டடங்களில் பலவற்றின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், நடுவிலே மின்தூக்கிகளும் மாடிப்படிகளும், அவற்றைச் சுற்றி நான்கு கரங்களும், கரத்துக்கு இரண்டு வீடாகத் தளத்துக்கு 8 வீடுகளும் கொண்ட சிலுவை வடிவம் புலப்படும். வசிக்கும் அறையின் ஜன்னல் கண்ணாடி தரைப் பரப்பில் 10-இல் ஒரு பங்குக்கும், அதில் திறக்கக்கூடிய பாகம் 16-இல் ஒரு பங்குக்கும் குறையலாகாது என்று விதிக்கும் அந்நகரத்துக் கட்டடச் சட்டத்தை அனுசரித்து, சிறிய மனையில் கூடியவரை அதிகமான வெளிச்சுவர்களை உண்டாக்குவதற்குக் கட்டடச் சிற்பிகள் கண்ட உபாயம் அது. அந்த உபாயத்தின் பயனாக, இரண்டு கரங்கள் சந்திக்கும் மூலையை ஒட்டிய வீடுகளில், கூடம் மட்டும் படுக்கையறைகளோடு நேர்நிற்காமல் 45 பாகை திரும்பி, ஐந்தாறு சுவர்கள் உடைய ஒரு விசித்திர வடிவத்தை அடைந்துவிட்டது. ஹாங்காங்வாசிகள் இதற்கு ‘வைரக் கூடம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயரில் உள்ள ஜொலிப்பு குடியிருப்பவருக்குக் கிடைப்பதில்லை. சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் சாப்பாட்டு மேஜைக்கு இடமில்லை; மேஜையை நடுவில் போட்டால் நடக்க வழியில்லை; எப்படிப் போட்டாலும் ஒரு முக்கோணம் மிச்சமாகி, அதில் குடைகளும் பழைய பத்திரிகைகளும் குடியேறுகின்றன.

இது போதாதென்று, சமையலறையின் தடுப்பையும் நீக்கி, உலை கொதிப்பதும் உணவு கொள்வதும் விருந்தினரோடு பேசுவதும் ஒரே வெளியில் நடக்கும்படி செய்துகொள்ளும் வழக்கமும் வந்துவிட்டது. இடம் அங்கே அவ்வளவு அருமை. அரசாங்கம் விற்கும் நிலத்தில் கட்டப்படும் புதிய வீடு 26 சதுர மீட்டருக்கு, அதாவது 280 சதுர அடிக்கு, குறையக்கூடாது என்று 2022-இல் விதி செய்ய நேர்ந்த நகரம் அது. இத்தகைய வீட்டை வாங்கியவர், வர்ணம் பூசுகிறவரை அழைப்பதற்கு முன், பெங்சுயி என்னும் சீன மனை சாஸ்திரத்தில் தேர்ந்த பண்டிதரை அழைத்து வருவது அங்கே அதிசயமான காரியம் அன்று. 1949-க்குப் பின் சீனப் பெருநிலத்தில் மூடநம்பிக்கை என்று கண்டிக்கப்பட்ட இந்த வித்தை, ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கில் தங்குதடையின்றி வளர்ந்தது. நார்மன் பாஸ்டர் அமைத்து 1985-இல் முடிவடைந்த ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் தலைமைக் கட்டடத்துக்கே பண்டிதர் யோசனை கேட்கப்பட்டது.

வித்தையின் மூலக் கருத்து ஒன்றுதான். ‘ச்சி’ என்று சீனர் சொல்லும் ஒரு பிராண சக்தி மலையிலும் பள்ளத்தாக்கிலும் மனையிலும் சஞ்சரிக்கிறது. பலத்த காற்று அதைக் கலைக்கும், நீர்நிலை அதைத் தேக்கும். ஆகையால் முதுகுப்புறம் மலையும், இரு பக்கங்களிலும் தாழ்ந்த குன்றுகளும், எதிரே விசாலமான வெளியும், அவ்வெளியில் வளைந்தோடும் நீரும் உள்ள இடமே உத்தமமானது. இதை விரித்துரைக்கும் பழைய நூல், கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்பவரின் பெயரால் வழங்குகிறது. அது வீடு கட்டுவதைப் பற்றியதன்று, பிதிர்களை அடக்கம் செய்யும் நிலத்தைத் தேர்வதைப் பற்றியது. பிற்காலத்தில் இரண்டு சம்பிரதாயங்கள் கிளைத்தன. நிலத்தின் உருவத்தைக் கண்ணால் கண்டு பலன் சொல்வது ஒன்று. டாங் வம்ச காலத்து யாங் யுன்சொங்கை அதன் ஆசாரியராகக் கொண்டாடுகிறார்கள். திசைகாட்டியை வைத்துக் கணிப்பது மற்றொன்று. காந்த ஊசி நேர் தெற்கைக் காட்டாமல் சற்றே கிழக்கில் ஒதுங்கி நிற்கிறது என்று 1088-ஐ ஒட்டி ஷென் குவோ என்னும் சீன அறிஞர் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கருவி மாலுமிகளின் கைக்குப் போவதற்கு முன்பே மனை பார்ப்பவர்களின் கையில் இருந்தது என்பது சரித்திர ஆசிரியர்களின் அபிப்பிராயம்.

திசைக் கணக்கின்படி மனையை ஒரு சதுரமாகப் பாவித்து, அதனை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வரும்படி 1 முதல் 9 வரை எண்கள் நிரப்பிய சதுரமே இதற்கு ஆதாரம். வடக்கு நீருக்கும், தெற்கு நெருப்புக்கும், கிழக்கும் தென்கிழக்கும் மரத்துக்கும், மேற்கும் வடமேற்கும் உலோகத்துக்கும், வடகிழக்கும் தென்மேற்கும் நடுவும் மண்ணுக்கும் உரியவை. நம்முடைய மனையடி சாஸ்திரத்தில் தென்கிழக்கு அக்கினி மூலை என்பதையும், சீனக் கணக்கில் அதே மூலை மரத்துக்குரியது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள், இரண்டையும் கலந்து ஒரே வீட்டில் பரிகாரம் செய்ய முற்படுவது எத்தகைய குழப்பத்தில் கொண்டுபோய் விடும் என்பதை எளிதில் உணர்வார்கள்.

சதுரத்துக்காகப் பிறந்த இந்தச் சாஸ்திரம் கோணல் கூடத்துக்குள் பிரவேசிக்கும்போதுதான் வேடிக்கை தொடங்குகிறது. முதலில் வீட்டின் மத்திய ஸ்தானத்தை நிர்ணயிக்க வேண்டும். அதற்குப் பண்டிதர்கள் கையாளும் முறை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது: வீட்டின் வரைபடத்தைக் கெட்டியான அட்டையில் ஒட்டி, வெளிவிளிம்பை ஒட்டிக் கத்தரித்து, குண்டூசியின் முனையில் நிறுத்திப் பார்த்து, எந்தப் புள்ளியில் அட்டை சாயாமல் நிற்கிறதோ அதுவே மையம் என்று கொள்கிறார்கள். பௌதிக சாஸ்திரம் படித்தவரும் குறை சொல்ல முடியாத முறை. ஆனால் இரண்டு மெல்லிய கரங்களாக மடங்கிய வீட்டில் அந்தப் புள்ளி அட்டைக்கு வெளியே விழுந்துவிடும். அப்போது குடும்பத்தின் மையம் அடுத்த வீட்டுக்காரரின் குளியலறையிலோ, இருபதாவது மாடிக்கு வெளியே ஆகாயத்திலோ இருக்கும்.

மையம் கிடைத்தபின் திசை. லுவோபான் என்னும் சீனத் திசைத்தட்டு வட்டத்தை 15 பாகை வீதம் 24 பாகங்களாகப் பிரிக்கிறது. மூன்று மூன்றாகச் சேர்ந்தால் 45 பாகை கொண்ட 8 திசைகள். நம் கூடமோ சரியாக 45 பாகை திரும்பியிருக்கிறது. ஆகையால் படுக்கையறைச் சுவரை அனுசரித்துக் கட்டம் போட்டால் தெற்கு என்று வரும் பக்கம், கூடத்துச் சுவரை அனுசரித்துப் போட்டால் தென்கிழக்காகவோ தென்மேற்காகவோ முழுதாக ஒரு திசை நகர்ந்துவிடும். நெருப்பு இருந்த இடத்துக்கு மரமோ மண்ணோ வந்துவிடும். அனுபவசாலிகள் சுவர்களை நம்பாமல், மையத்திலிருந்து ஊசி காட்டும்படி எட்டுக் கோடுகளை இழுத்து இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கிறார்கள். அவர்களும் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கும் மின்தூக்கிக்கும் அருகே ஊசி பிசகும் என்பதை அறிந்து, பல இடங்களில் நின்று அளந்து பார்க்கிறார்கள். ஒரே இடத்தில், அதுவும் கைப்பேசியை வைத்து, ஒரு நிமிஷத்தில் திசை சொல்லிவிடுகிறவரிடம் சற்று ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

அடுத்தது ‘காணாத மூலை’. சதுரத்தின் ஒரு மூலை வெட்டுண்டு போனால் அந்தத் திசைக்குரிய வாழ்க்கைப் பகுதி குடும்பத்தில் மெலியும் என்பது நம்பிக்கை. சுவரின் நீளத்தில் பாதிக்கும் குறைவான பாகம் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது கூடுதல் அம்சம். பாதிக்கு மேல் துருத்தினால் துருத்தாத பாகமே குறை. பாதி என்னாமல் மூன்றில் ஒரு பங்கு என்று வரம்பு வைப்பவர்களும் உண்டு. இதன்படி, ஒரு பண்டிதர் செல்வ மூலை வளர்ந்திருக்கிறது என்று வாழ்த்தும் அதே கூடத்தில், வேறொருவர் பக்கத்து மூலையைக் காணவில்லை என்று விசனப்படலாம். பெர்க்லி நகரத்தில் 1986-இல் ஒரு கோயிலை ஸ்தாபித்த லின் யுன் என்பவர் மேல்நாடுகளில் பரப்பிய சம்பிரதாயமோ திசைகாட்டியையே ஒதுக்கிவிட்டது. வாசற்படியில் நின்று உள்ளே பார்க்கும்போது இடக்கைப் பக்கத்துக் கடைக்கோடி மூலையே, எந்தத் திசையில் இருந்தாலும், செல்வ மூலை என்கிறது. ஒரே அறையில் செல்வம் மூன்று மூலைகளில் இருக்கக்கூடுமானால், எந்த மூலைக்காகவும் அதிகப் பணம் செலவிடுவதற்கு முன் கிரகஸ்தன் கொஞ்சம் யோசிக்கலாம் என்பது என் கருத்து.

இவ்வளவு சொன்னபிறகு, பண்டிதர் நேரில் வந்து சாமான்களை இடம் மாற்றும்போது அறை சீர்பட்டுவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திறந்த கூடத்தின் பெருங்குறை, எங்கே எது தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாமையே. வாசற்கதவைத் திறந்ததும் எதிரே ஜன்னல் தெரிந்தால், நுழைந்த சக்தி நிற்காமல் நேரே வெளியேறிவிடும் என்று சொல்லி, இடையில் செருப்பு அலமாரி ஒன்றையோ, வெளிச்சம் கசியும் மரத் தட்டியையோ நிறுத்தச் செய்கிறார்கள். சக்தி நின்றதோ இல்லையோ, நடையில் நிற்பவரின் பார்வை சாப்பிடுகிறவர் இலைமேல் விழாமல் நிற்கிறது. சோபாவின் முதுகு திடமான சுவரில் சாய வேண்டும், அதுவே மலையின் ஸ்தானம். சுவர் கிடைக்காத கூடத்தில் சோபாவின் பின்னே இடுப்பளவு உயரமுள்ள புத்தக அலமாரியை வைத்தால் அது குன்றாகிறது, அப்பால் உணவு மேஜைக்கு எல்லையும் ஆகிறது. மிச்சப்படும் முக்கோணத்தை, அதன் அளவுக்கே செய்த அலமாரியால் அடைத்து முன்பக்கத்தை நேராக்கிவிட்டால், கோணல் மறைந்து கூடம் சதுரத்தை நெருங்குகிறது. துடைப்பமும் குடையும் கதவுக்குப் பின்னே ஒதுங்குகின்றன. வெளியே நீட்டிய தூணின் கூர்முனை ஆட்களை நோக்கி அம்பு எய்கிறது என்பார்கள். அதன் எதிரே ஒரு செடித் தொட்டியை வைத்தால் அம்பு மழுங்கும், குழந்தையின் நெற்றியும் பிழைக்கும்.

திறந்த சமையலிடம் பற்றிய விதி இவை எல்லாவற்றிலும் சுவாரஸ்யமானது. வாசலிலிருந்து அடுப்பு தெரியக்கூடாது, தெரிந்தால் செல்வம் கரையும் என்பது பெங்சுயி. ஹாங்காங்கின் தீத்தடுப்பு விதிகளோ, திறந்த சமையலிடம் உள்ள வீட்டில் வெளிவாசலை ஒட்டி, குறைந்தது 600 மில்லிமீட்டர் நீளத்துக்கு, அரை மணி நேரமாவது தீயைத் தாங்கும் முழு உயரச் சுவர் ஒன்று இருக்க வேண்டும் என்றும், நீர்தெளிப்பானும் புகையறி கருவியும் பொருத்த வேண்டும் என்றும் சொல்லுகின்றன. அடுப்பில் தீப்பற்றினால் குடும்பம் தப்பியோடும் வழி மறிக்கப்படலாகாது என்பது அவ்விதிகளின் நோக்கம். செல்வத்தைக் காக்க வந்த பண்டிதரும் உயிரைக் காக்க வந்த பொறியியலாளரும் வெவ்வேறு வழியாக நடந்து ஒரே சுவரின் அருகில் வந்து நிற்கிறார்கள்.

பரிகாரச் சாமான்களைப் பற்றி எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. காணாத மூலையில் நிலைக்கண்ணாடி மாட்டினால் அறை அந்தப் பக்கம் வளர்ந்துவிடும் என்பார்கள். கண்ணாடி வாசலைப் பிரதிபலிக்கக்கூடாது என்பதும் அவர்களே சொல்வது. சுவர்கள் கண்டபடி திரும்பிய கூடத்தில் வாசலைப் பாராத இடம் தேடுவது சாமானியமான வேலையா? பெங்சுயியிலேயே நட்சத்திரக் கணக்கு என்றொரு முறையைப் பார்ப்பவர்களுக்கோ 20 ஆண்டுக்கு ஒருமுறை காலம் மாறுகிறது. 2024-இல் பிறந்த ஒன்பதாம் காலம் 2044 வரை நடக்கும். மாறும்தோறும் பரிகாரமும் மாறும். சிரிக்கும் புத்தரும், காற்றில் கிணுகிணுக்கும் குழல்களும், மூங்கில் செடியும் இப்போது தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கி வைப்பதில் தோஷம் ஒன்றும் இல்லை. பிராண சக்தியை அளந்து காட்டிய விஞ்ஞானக் கருவி இதுவரை ஏதும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, காற்று, வெளிச்சம், நடக்கும் வழி, உட்காருபவரின் முதுகுக்கு ஆதாரம் ஆகிய நான்கையும் முதலில் சீர்செய்துவிட்டு, பணம் மிஞ்சினால் வாங்கலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. கூடத்தைச் சதுரமாக்கும் ஆவலில் சுவரை இடிக்கத் துணிகிறவர்கள், அது வெறும் தடுப்பா, கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் சுவரா என்பதைத் தகுதி பெற்ற பொறியியலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாரம் தாங்கும் சுவரை அரசாங்க அனுமதியின்றி இடிப்பது ஹாங்காங்கில் சட்ட விரோதம். எந்தப் பண்டிதர் எந்த மூலையைக் காணவில்லை என்று சொன்னாலும் அந்தச் சுவரில் மட்டும் கை வைக்க வேண்டாம்.