களத்துமேட்டில் தொடங்கும் வாசிப்பு

பொதுவுடைமை குறித்தும் அரசியல் பொருளாதாரம் குறித்தும் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு நம்மிடையே சொல்லப்படும் நூற்பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. முதலில் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை, அடுத்து 'மூலதனம்', அதன்பின் லெனின். பட்டியலில் பிழையில்லை. ஆனால், 'மூலதன'த்தைக் கையில் எடுப்பவர்களில் பலர் சரக்கு பற்றிய முதல் அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை. இந்தச் சிக்கலை மார்க்ஸே அறிந்திருந்தார். 1867-இல் நூல் வெளிவந்த சில வாரங்களிலேயே, நண்பர் கூகல்மனின் மனைவி வேலைநாள், கூட்டுழைப்பு, இயந்திரங்கள், ஆதித் திரட்டல் ஆகிய பகுதிகளிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கடிதத்தில் வழி சொன்னார்.

காவிரிப் படுகையைச் சேர்ந்த வாசகருக்கு இதைவிடவும் அருகில் ஒரு வாசல் இருக்கிறது. அது அவருடைய ஊர்க் களத்துமேடு.

அறுவடை முடிந்து தூற்றிக் குவித்த நெல்லில் யாருக்கு எத்தனை மரக்கால் என்பதுதான் தஞ்சையின் அரசியல் பொருளாதாரமாக இருந்தது. 1940-களில் பி.சீனிவாச ராவ் போன்றோர் திரட்டிய விவசாய இயக்கத்தின் அழுத்தத்தால், ராஜாஜி ஆட்சியில் 1952-ஆம் ஆண்டு தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு சாகுபடிதாரருக்கு என்றது அந்தச் சட்டம். நான்கே ஆண்டுகளில், 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் கணக்கைத் திருப்பிப் போட்டது. நன்செயில் நில உடைமையாளருக்கு ஐந்தில் இரண்டு, உழுதவருக்கு மூன்று. பின்னாளில் வந்த திருத்தம் உடைமையாளரின் பங்கை நான்கில் ஒன்றாகக் குறைத்தது. அதே வயல், அதே காவிரி நீர், அதே உழைப்பு. பங்கு மட்டும் மாறியது. குத்தகை என்பது இயற்கை விதித்த அளவல்ல, இரு தரப்பாரின் வலிமை நிர்ணயிக்கும் அளவு என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'மூலதன'த்தின் வேலைநாள் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். டான்யூப் நதிக்கரைப் பிரபுக்களின் நிலத்தில் குடியானவர்கள் கூலியின்றி உழைத்ததையும், இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளியின் நிலையையும் மார்க்ஸ் அங்கே ஒப்பிடுகிறார். முன்னதில் தனக்காக உழைக்கும் நாளும் பிரபுவுக்காக உழைக்கும் நாளும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிகின்றன. ஆலையில் அவை ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடுகின்றன. பண்ணையாள் முறையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்தவருக்கு இந்தப் பக்கங்களில் அகராதி தேவைப்படாது. 'மூலதன'த்தைச் சிறையில் இருந்தபடி தமிழாக்கத் தொடங்கிய தியாகு, தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இனி ஊரைப் பற்றிய நூல்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆய்வுசெய்து 1918-இல் வெளியிட்ட தொகுப்பில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் உண்டு. பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களின் மறு ஆய்வை 1940-இல் நூலாக்கினர். அதன்பிறகும் ஆய்வாளர்கள் பாலக்குறிச்சிக்குத் திரும்பத் திரும்பச் சென்றிருக்கிறார்கள்.

சேர்த்துப் படிக்க வேண்டிய இருவர் ஆந்த்ரே பெத்தேலும் கேத்லீன் கஃபும். 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயரிட்ட தஞ்சைக் கிராமத்தில் 1961-62-இல் தங்கி ஆய்வுசெய்த பெத்தேல், முன்பு ஒரே கையில் குவிந்திருந்த சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் மெல்லப் பிரியத் தொடங்கியதைக் கண்டார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரிக்குள் இயல்பாகப் புழங்க இயலவில்லை என்பதை அவரே மறைக்காமல் பதிவுசெய்திருக்கிறார். மார்க்சியரான கஃப், 1950-களின் தொடக்கத்தில் மேற்கே ஒரு கிராமத்திலும் கிழக்கே ஒரு கிராமத்திலும் தங்கி ஆய்வுசெய்து, 1976-இல் மீண்டும் வந்து பார்த்தார். அவருடைய இரண்டு பெருநூல்கள் 1981-இலும் 1989-இலும் வெளிவந்தன. என் கணிப்பில், உழைப்பின் கணக்கு கஃபிடம் துல்லியம். தெருக்களுக்கு இடையிலான தூரம் பெத்தேலிடம் துல்லியம். இருவரையும் முடித்தபின் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலை எடுத்தால், சாதியை ஒதுக்கிவிட்டுப் பொருளாதாரப் புரட்சி பேசிய சோஷலிஸ்டுகளை 1936-லேயே அவர் ஏன் கடிந்துகொண்டார் என்பது விளங்கும்.

கீழ்வெண்மணியைத் தவிர்த்துவிட்டு இந்த வாசிப்பு நகர முடியாது. கூலி உயர்வு கேட்டதற்காகவும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததற்காகவும், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அப்போதே அங்கு சென்று எழுதிய மைதிலி சிவராமனின் கட்டுரைகள், உணர்ச்சியோடு கூலிக் கணக்கையும் சேர்த்துச் சொல்பவை. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. வர்க்கப் பகையைத் தனிமனித உளவியலாகச் சுருக்கிவிட்டது என்ற கண்டனத்தையும் பெற்றது. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' அதே நிகழ்வை உழவர் தரப்பிலிருந்து எழுதியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது.

'கூலியை உயர்த்தினால் விவசாயம் அழிந்துவிடும்' என்ற வாதம் அன்று மிராசுதார்களுடையது. இன்றும் தேநீர்க் கடைகளில் கேட்கிறது. கூலி உயர்வால் தொழிலாளிக்குப் பயனில்லை என்று 1865-இல் லண்டனில் வெஸ்டன் என்பவர் வாதிட்டபோது மார்க்ஸ் அளித்த மறுப்புரையே 'கூலி, விலை, லாபம்' என்ற சிறுநூல். ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம்.

இந்த நூல்களுக்கு ஓர் எல்லையும் உண்டு. இன்று களத்துமேட்டில் பங்கு பிரிப்பதை யாரும் காண்பதில்லை. அறுவடை இயந்திரத்தின் மணி வாடகை, உர விலை, கடன் வட்டி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கிடைக்கும் விலை என்று அது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவரோ பதிவேட்டிலேயே இல்லை. வெள்ளத்தில் பயிர் மூழ்கினால் நிவாரணம் கேட்க அவரிடம் சான்று இல்லை. குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மேலே சொன்ன ஊராய்வுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. எவருடைய உழைப்பை அவை அளந்தனவோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கைக்கு அவை எளிதாக வந்துசேரவில்லை. ஸ்லேட்டரின் பாலக்குறிச்சி அத்தியாயம், அதன் மறு ஆய்வு, கஃப், பெத்தேல் நூல்களிலிருந்து சில பகுதிகள், 1952 முதல் 1969 வரையிலான சட்டங்களின் எளிய விளக்கம் ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரே தொகுதிக்குள் அடங்கிவிடும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமோ முற்போக்குப் பதிப்பகம் ஒன்றோ அதைத் தமிழில் கொண்டுவரலாம். படுகையின் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு படி வைக்கலாம்.