வயிற்றுவலிக்கு எத்தனை மார்க்?

பெரிய முதலியார்சாவடியில் ஈசிஆர் ஓரமாக எந்த மருந்துக்கடை முன்னால் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் வந்துவிடும்: "கேஸுக்கு ஒண்ணு குடுங்கண்ணே." எவ்வளவு கேஸ் என்று கடைக்காரர் கேட்பதில்லை. கேட்டால்தான் என்ன பதில் வரும்? "லேசா மந்தமா இருக்கு." "ரொம்பப் படுத்துது." "வவுறு உப்பிக்கினு கீது." இதற்கெல்லாம் எண் போட்டு, கூட்டி, 500-க்கு இத்தனை என்று மார்க் ஷீட்டே கொடுத்துவிடுகிற ஆராய்ச்சியாளர் கூட்டம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாருங்கள், அவர்கள் பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம். ஓரிரு இடங்களில் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இங்கிருந்து வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். அங்கே தண்ணீரின் பக்குவம் பார்க்கக் கண்ணாடி மிதவை ஒன்று போதும். கடல்நீர் 3 டிகிரி சொச்சம் காட்டும். வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரியை நெருங்கும்போது பாத்தியில் உப்பு பூக்கும். யார் போட்டுப் பார்த்தாலும் அதே டிகிரிதான். வயிற்றுக்குள் போட அப்படி ஒரு மிதவை கிடையாது! எண்டோஸ்கோபி நார்மல், ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல். ஆனால் மனிதர் துடிக்கிறார். உறுப்பில் புண்ணோ கட்டியோ இருக்காது, அது வேலை செய்கிற விதத்திலும் மூளையோடு பேசிக்கொள்கிற விதத்திலும்தான் கோளாறு. ரோம் நகரில் 1988-இல் கூடிய நிபுணர்களிடமிருந்து தொடங்கிய, இந்தக் கோளாறுகளை இனம்காணும் ‘ரோம் விதிகள்’ 2016-இல் நான்காம் பதிப்புக்கு வந்தபோது, இவற்றுக்குக் குடல்-மூளை ஊடாட்டக் கோளாறுகள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை? 2021-இல் வெளியான ஆய்வில் 33 நாடுகளில் 73,000 பேருக்கு மேல் கேட்டார்கள். இணையத்தில் பதில் சொன்னவர்களில் 40 சதவீதத்துக்கு இந்த வகைக் கோளாறு ஒன்றாவது இருந்தது. வீடு தேடிப் போய் நேரில் கேட்ட நாடுகளில் அது பாதியாகிச் சுமார் 21 சதவீதத்தில் நின்றது. இந்தியா இந்த இரண்டாவது வரிசையில். நாடுகளே வேறு வேறு என்பது ஒரு காரணம். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் உட்கார்ந்து, மாமியார் காதில் விழ, "மலம் எப்படிப் போகுது?" என்று கேட்டால் யார்தான் உள்ளதைச் சொல்வார்கள்?

இதெல்லாம் மனப்பிரமை என்று நினைப்பவர்களுக்காகவே 1973-இல் ரிச்சி என்ற ஆய்வாளர் ஒரு காரியம் செய்தார். பெருங்குடலின் கடைசிப் பகுதிக்குள் குட்டி பலூன் ஒன்றைச் செலுத்தி ஊதினார். 60 மில்லி அளவுக்கு உப்பியபோது மற்றவர்களில் 6 சதவீதம் பேர்தான் வலி என்றார்கள். இந்த வகைக் கோளாறுகளில் ஒன்றான எரிச்சல் குடல் நோய் (IBS) உள்ளவர்களில் 55 சதவீதம்! பலூன் அதே பலூன், அளவும் அதே அளவு. சரி, அதற்காக ஓபி சீட்டோடு வருகிற ஒவ்வொருவருக்கும் பலூன் ஊதிக்கொண்டிருக்க முடியுமா? எனவே கேள்விகள் அச்சடித்த காகிதத்துக்குப் போனார்கள்.

அந்தக் காகிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1997-இல் மான்செஸ்டரில் பிரான்சிஸ், மாரிஸ், வோர்வெல் மூவரும் எரிச்சல் குடல் நோய்க்காக உண்டாக்கியது. மொத்தம் ஐந்து அளவு, ஒவ்வொன்றுக்கும் 100. வலி எவ்வளவு கடுமை, பத்து நாளில் எத்தனை நாள் வலித்தது, வயிறு எவ்வளவு உப்புகிறது, மலம் போகிற விதத்தில் திருப்தியா, அன்றாட வாழ்க்கையை இது எவ்வளவு கெடுக்கிறது. நாள் கணக்கை மட்டும் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும், மற்ற நான்குக்கும் ஒரு கோடு போட்டிருக்கும். கோட்டில் எங்கே வேண்டுமோ அங்கே பேனாவால் ஒரு வெட்டு. அப்புறம் ஸ்கேல் வைத்து அளப்பார்கள். ஆமாம், பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் அதே ஸ்கேல்! 75-க்குக் கீழே வந்தால் கவலையில்லை, 175 வரை லேசு, 300 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மருந்து சாப்பிட்ட பிறகு 50 குறைந்திருந்தால் உண்மையிலேயே தேவலை என்று எடுத்துக்கொள்ளலாம். பெண்கள் மாதவிடாய் நாட்களின் உப்புசத்தைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு குறிப்புகூட அதில் உண்டு. இன்னொரு தொழில் ரகசியம்: இந்த வகைக் கோடுகளை ஜெராக்ஸ் எடுத்தால் நீளம் துளி மாறிவிடும், நகலின் நகல் எடுத்தால் இன்னும் மாறும். சரியாக 10 செ.மீ. இருக்கிறதா என்று அளந்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டுமாம்.

கையில் காகிதம் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? பக்கத்து வீட்டு அத்தை அகப்பட்டார். மரக்காணத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது மகளோடு இருப்பவர். எல்லாச் சோதனையும் செய்து பார்த்து, இது குடல் கோளாறுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. (எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை என்று எதுவாவது இருந்தால் முதலில் டாக்டர். மார்க் விளையாட்டெல்லாம் அப்புறம்.)

பேனாவை வாங்கியதும் கோட்டின் வலது கோடிக்கே கொண்டுபோனார். திடீரென்று நிறுத்தி, "இந்தக் கடைசிதான் ரொம்பக் கடும வலியா? பிரசவ வலியையும் சேத்தா கேக்குறாங்க?" என்றார். சேர்த்துத்தான் என்றேன். பேனா மடமடவென்று இடது பக்கம் திரும்பி 60-இல் நின்றது. நான் அசந்துபோனேன். கோடு எல்லோருக்கும் ஒரே நீளம், அதன் முடிவு எங்கே என்பது அவரவர் பட்ட பாட்டைப் பொறுத்தது!

பத்தில் நாலு நாள், அது 40. உப்புசம் 80. திருப்தியின்மை 70. வாழ்க்கைக் கெடுதல் வெறும் 30, "வேலைய யாரு பாப்பாங்க?" என்பது விளக்கம். கூட்டினால் 280, நடுத்தரம். திருப்திக் கேள்வியில் மட்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். "உப்பளத்துல நாலு மணிக்கே எறங்கிடுவோம். கக்கூசு ஏது? ஒண்ணு இருட்டோட போவணும், இல்ல பொழுது சாயற வரைக்கும் அடக்கணும். அப்ப கேட்டிருந்தா நூறு போட்டிருப்பேன் தம்பி." குடல் அதே குடல்தான், வீட்டில் ஒரு கழிப்பறை வந்ததும் 30 மார்க் குறைந்துவிட்டது. ஐந்தில் எனக்கு நம்பிக்கையானது அந்தப் பத்து நாள் கணக்குதான். மற்றதில் ஊரும் வீடும் வேலையும் சேர்ந்து மார்க் போடுகின்றன என்பது என் கட்சி.

மூக்கைப் பிடியுங்கள், பிரிஸ்டல் வந்துவிட்டது. அதே 1997-இல் அந்த ஊரில் லூயிஸும் கென் ஹீட்டனும் மலத்தை ஏழு வகையாகப் பிரித்த படத்தைச் சோதித்தார்கள். முதல் வகை ஆட்டுப் புழுக்கை, ஏழாவது வெறும் தண்ணீர். 66 தன்னார்வலர்கள் எக்ஸ்ரேயில் தெரிகிற சிறு உருண்டைகளை விழுங்கினார்கள், வெளியே வந்ததை எடை போட்டார்கள், டைரியும் எழுதினார்கள். பிறகு சென்னாவும் லோபரமைடும் கொடுத்துக் குடலை ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். சென்னா என்றால் நம் நிலாவாரை, ‘டின்னவேலி சென்னா’ என்றே உலகச் சந்தையில் பெயரெடுத்த சரக்கு. மலத்தின் உருவத்தைப் பார்த்தே குடலின் வேகத்தை ஊகிக்கலாம் என்று தெரிந்தது. எத்தனை தடவை போனோம் என்ற கணக்கு அவ்வளவு உதவவில்லை.

நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். இந்தியக் குடல்-இரைப்பை மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு, பல மையங்களில் 2785 நோயாளிகளைக் கேட்டு 2008-இல் அறிக்கை வெளியிட்டது. மலச்சிக்கல் என்றவர்களும் பேதி என்றவர்களும் கழிப்பறைக்குப் போன எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான்! 77 சதவீதம் பேரின் புகார், "முழுசா போன மாதிரி இல்ல." வாரத்துக்கு மூன்று தடவைக்குக் குறைந்தால்தான் சிக்கல் என்கிற மேல்நாட்டுக் கணக்கு, தினமும் காலையில் போய்விட்டு வந்தும் முகம் சுளிக்கிற நம் ஆட்களிடம் எப்படி எடுபடும்?

சரி, ஞாபகத்தில் சொல்வதை நம்பாமல் தினமும் டைரி எழுதச் சொன்னால்? இங்கேதான் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அமெரிக்காவில் ஸ்டோன், ஷிஃப்மன் குழு தீராத வலிக்காரர்களிடம் காகித டைரி கொடுத்து, அட்டைக்குள் ஒளி உணரும் கருவியை ஒளித்துவைத்தது. திறந்தால் அதற்குத் தெரிந்துவிடும். 2002-இல் முடிவு வந்தது. குறித்த நேரத்தில் எழுதியதாக டைரி காட்டியது 90 சதவீதம், உண்மையில் எழுதியது 11 சதவீதம். நாள் முழுக்க மூடியே கிடந்த டைரியில்கூட அந்த நாளுக்கான பதில்கள் அழகாக நிரம்பியிருந்தன. மின்னணு டைரி வாங்கியவர்கள் 94 சதவீதம் ஒழுங்காகக் குறித்தார்கள். அது நேரத்தையும் சேர்த்தே பதிந்துகொள்ளும், ஏமாற்ற வழியில்லை.

இவ்வளவு பாடுபட்டு அளவுகோல் செய்த பிறகு அதை வைத்து என்னவெல்லாம் அளந்தார்கள் தெரியுமா? 2010-இல் ஹார்வர்டின் கப்ட்சக் குழு எரிச்சல் குடல் நோய் உள்ள 80 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தது. ஒளிவுமறைவே இல்லை, இது வெற்று மாத்திரை என்று முகத்துக்கு நேரே சொல்லி, டப்பாவிலும் அப்படியே எழுதித்தான் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மாத்திரை கிடையாது, டாக்டரின் கவனிப்பு மட்டும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், போதுமான நிவாரணம் என்றவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களில் 59 சதவீதம், மற்றவர்களில் 35. மான்செஸ்டர் மார்க்கும் அதே பக்கம்தான் சாய்ந்தது.

அத்தையிடம் இதைச் சொன்னேன். ஒன்றுமே இல்லாத மாத்திரையா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "பொட்டி என்னா வெலயாம்?" என்றார்.