ஐஸே பார்க்காத ஊரில் ஆன்டிஃப்ரீஸ்... ஏன் தெரியுமா?

ராஜபாளையத்தில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே தண்ணீர் உறைந்து பார்த்தவர் உண்டா? கிடையவே கிடையாது! ஆனாலும் தென்காசி ரோட்டில் ஓடுகிற கார்களின் ரேடியேட்டரில், மைனஸ் 37 டிகிரியிலும் உறையாத திரவம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எதற்கு, தெரியுமா?

கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் உறைவதை மட்டுமல்ல, கொதிப்பதையும் தள்ளிப்போடும்! பாதி கிளைக்கால், பாதி தண்ணீர் என்று கலந்தால் 107 டிகிரி அருகே போனால்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அடைத்து வைக்கும் அழுத்தமும் சேர்ந்தால் 125-ஐத் தொடும். சித்திரை வெயிலில் ஏசியும் போட்டு, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொல்லம் போகிற வண்டிக்கு இதுதான் உயிர். என்ஜின் சூட்டோடு அந்த மூடியைத் திறந்தால்? அழுத்தம் போன அந்த நொடியே அத்தனையும் கொதித்து முகத்தில் பீச்சும்!

அப்படியானால் தண்ணீரே சேர்க்காமல் வெறும் கிளைக்காலை ஊற்றினால் இன்னும் நல்லதுதானே? அதுதான் இல்லை! சூட்டை வாங்கிச் சுமப்பதில் தண்ணீருக்கு முன் கிளைக்கால் நிற்க முடியாது. இதைக் கேளுங்கள்: மைனஸ் 37 வரை தாங்கும் கலவையில் இருக்கிற அதே கிளைக்கால், தனியாக இருந்தால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும்!

கிளைக்காலுக்கு நிறமே கிடையாது என்பதாவது தெரியுமா? டொயோட்டாவின் இளஞ்சிவப்பு, ஹோண்டாவின் நீலம், பழைய பச்சை எல்லாம் சாயம். பச்சைக்குப் பச்சை ஊற்றினால் சரி என்று சொல்கிற மெக்கானிக்கிடம் கேனைத் திருப்பி லேபிளைக் காட்டுங்கள்.

லேபிளில் பார்க்க வேண்டியது பாஸ்பேட், சிலிக்கேட் என்ற இரண்டே பெயர்கள். ஜப்பான் கார்கள் பெரும்பாலும் பாஸ்பேட் சேர்ந்த, சிலிக்கேட் சேராத கூலன்ட்டைக் கேட்பவை. சிலிக்கேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்த்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். ஐரோப்பியர்கள் நேர் எதிர்! சிலிக்கேட் இருக்கட்டும், பாஸ்பேட் ஆகாது என்பார்கள். சண்டைக்குக் காரணம் தண்ணீர்! ஐரோப்பாவில் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட்டைக் கண்டால் பிடித்துக்கொண்டு படிவாகிவிடும். ஜப்பானில் பெரும்பாலும் நல்ல தண்ணீர், அந்தக் கவலை இல்லை.

இப்போது நம்ம ஊர் போர் தண்ணியை நினைத்துப் பாருங்கள்! சோப்பு நுரைக்காது, பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளை பூக்கும். அந்தத் தண்ணீரை ஜப்பான் கார் கூலன்ட்டில் கலந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சட்டியில் கிண்டுவதை நிறுத்தியது மாதிரிதான். அடி பிடித்த இடத்தில் சூடு தாண்டாது. என்ஜின் தலை கொதிக்கும், முள் மட்டும் மெதுவாக ஏறும். ஏற்கெனவே கலந்து வரும் கூலன்ட்டை வாங்குவதே உத்தமம். கான்சன்ட்ரேட் என்று போட்டிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. கலந்து வந்ததில் மறுபடி தண்ணீர் ஊற்றுகிற கைராசிக்காரர்களும் இருக்கிறார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்!

ஹைபிரிட்டுக்கு வருவோம். பானெட்டைத் திறந்தால் இரண்டு கூலன்ட் டப்பா இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஒன்று என்ஜினுக்கு, இன்னொன்று இன்வெர்ட்டருக்கு! 2022-இல் வந்த டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும் பெங்களூரு பக்கம் பிடதியில் ஒரே ஆலையில் உருவானவை. விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குள் இருப்பது டொயோட்டா நுட்பம். மாருதிதானே என்று கையில் கிடைத்ததை ஊற்றாமல், அந்த மாடலின் கையேட்டைப் புரட்டுங்கள். எர்டிகாவின் ஸ்மார்ட் ஹைபிரிட்டில் இந்த இரண்டாவது டப்பா வேலையே இல்லை.

1997-இல் பிறந்த டொயோட்டா ஹைபிரிட் ப்ரியஸின் இரண்டாம் தலைமுறை அமெரிக்காவுக்குப் போனபோது உள்ளே ஒரு ஃபிளாஸ்க் இருந்தது தெரியுமா? நிஜ ஃபிளாஸ்க்! சுமார் மூன்று லிட்டர் சூடான கூலன்ட்டை மூன்று நாள் வரை சூடு ஆறாமல் வைத்திருந்து, காலையில் குளிர்ந்த என்ஜினுக்கு ஊட்டும். 2009-இல் வந்த அடுத்த ப்ரியஸில் வாட்டர் பம்ப்பே மின்சாரத்தில்; பெல்ட்டே கிடையாது! ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் என்ஜின் அணைந்து அணைந்து எரிந்தாலும் பம்ப்புக்கு ஒன்றும் ஆகாது.

ராஜபாளையம் வீட்டில் இதுதான் முக்கியம். கூலன்ட் இனிக்கும்! தரையில் சிந்தினால் நாய் நக்கும். 2005-இல் தபால் தலையிலேயே ஏறிய நம்ம ராஜபாளையம் நாய்க்கும், கலக்காத கூலன்ட் ஒரு டீ கிளாஸ் போனால் உயிருக்கே ஆபத்து. உடம்புக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாக உட்காரும். அதற்குக் கால்நடை மருத்துவர்கள் ஏற்றும் மாற்று மருந்துகளில் ஒன்று என்ன தெரியுமா? எத்தனால், அதாவது சாராயச் சத்து! வீட்டில் செய்து பார்க்கிற வைத்தியமல்ல. நக்கியது தெரிந்த உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், நோய்க்குறி தெரியட்டும் என்று காத்திருந்தால் போச்சு.

நாயும் பதிலுக்குப் பழிவாங்கும்! டொயோட்டா ஹைபிரிட் பல மாடல்களில் பெரிய பேட்டரிக்குக் கூலன்ட் கிடையாது, காற்றுதான். அந்தக் காற்று பின் இருக்கையோரம் இருக்கிற ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் போகும். நாயைப் பின்னால் ஏற்றிச் சுற்றினால் வெள்ளை முடியெல்லாம் அங்கே போய் அடைத்து, பேட்டரி சூடாகும். அடுத்த சர்வீஸில் மறக்காமல் அந்த ஃபில்டரைக் கழற்றித் தட்டச் சொல்லுங்கள்.