பழைய காருக்குப் பொருத்தமான பிளக்

இலங்கை வீதிகளில் இன்றும் ஓடும் பழைய கார்களுள் மொறிஸ் மைனர் 1000 ஒன்றாகும். இதன் பெற்றோல் எஞ்சினில் காற்று, எரிபொருள் கலவையை எரியூட்டுவது தீப்பொறிச் செருகி, அதாவது பிளக் ஆகும். இதனைத் தெரிவுசெய்யும்போது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. புரி: விட்டம் 14 மி.மீ., நீளம் 19 மி.மீ. ஆதல் வேண்டும். நீளம் கூடினால் பிளக் முசலத்தில் மோதலாம். குறைந்தால் கலவை சரியாக எரியாது.

2. வெப்ப வீச்சு: வெப்பத்தை விரைவாகக் கடத்துவது குளிர் பிளக், மெதுவாகக் கடத்துவது சூட்டுப் பிளக். மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியைக் கடந்து கல்லடிக்குச் சென்று திரும்புதல் போன்ற குறுந்தூர ஓட்டத்தில், குளிர் மிகுந்த பிளக்கில் கரி படியும். சூடு மிகுந்த பிளக், தீப்பொறிக்கு முன்னரே கலவையை எரியச் செய்து முசலத்தைச் சேதப்படுத்தும்.

3. மின்வாய் இடைவெளி: 0.025 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.64 மி.மீ.

கவனிக்க: என்.ஜி.கே. பிளக்கில் வெப்ப வீச்சு இலக்கம் கூடினால் அது குளிர் பிளக். சம்பியன் பிளக்கில் இலக்கம் கூடினால் சூட்டுப் பிளக். ஆகவே இலக்கத்தை மாத்திரம் ஒப்பிட்டு மாற்றுதல் தவறாகும்.

கழற்றிய பிளக்கின் முனை இளங்கபில நிறமாயின் தெரிவு சரியானதாகும்.